மாத்திரையை நிறுத்தலாமா?

(இது ஒரு கதை. இதில் வரும் அம்மாவும் பையனும் பெண்ணும் கற்பனை. நோய், மருந்து, ஊர், ஆஸ்பத்திரி பற்றிய செய்திகள் உண்மை.)

1. ரயிலில் ஒரு சந்திப்பு

காலை நேரம். ரேணிகுண்டா ரயில் நிலையம். சென்னை போகும் ரயில் வந்து நின்றது. கூட்டம் ஏறியது.

ஒரு அம்மாவும் மகனும் ஏறினார்கள். மகனுக்கு 16 வயது. தலையில் தொப்பி. முகத்தில் துணி முகமூடி. அம்மாவின் கையில் ஒரு பை. பை நிறைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள்.

ஜன்னல் ஓரம் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"சென்னைக்கா அம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறோம். மாசம் ஒரு தடவை போகணும்."

பெண் பையனின் தொப்பியைப் பார்த்தாள். பையில் இருந்த சீட்டுகளைப் பார்த்தாள்.

"ரத்தப் புற்றுநோயா?" என்று மெல்லக் கேட்டாள்.

அம்மா திடுக்கிட்டாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் இருந்ததும்மா. அப்போ எனக்கு 13 வயசு. இப்போ 23. வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்டே காட்டிட்டு வர்றேன்."

அம்மா அவள் கையைப் பிடித்துக் கொண்டாள். அவள் கண் கலங்கியது. இந்த நோயிலிருந்து பிழைத்து வளர்ந்த ஒருவரை அவள் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

2. புத்தூரில் தெரிந்த உண்மை

ரயில் புத்தூரில் நின்றது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர் பெற்ற ஊர் அது.

அம்மா சொன்னாள். "முதல்ல இங்கேதான் கூட்டிட்டு வந்தோம். கால் வலிக்குதுன்னு ராத்திரி எல்லாம் அழுதான். பந்து விளையாடி அடிபட்டுதுன்னு நினைச்சோம். கட்டுப் போடுறவர் காலைத் தொட்டுப் பார்த்தார். 'எலும்பு உடையலை. பையன் வெளுத்துப் போயிருக்கான். உடம்பும் சுடுது. ரத்தம் சோதிச்சுப் பாருங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டார். அவர் நல்லா இருக்கணும்."

"எனக்குப் பல் ஈறில் ரத்தம் வந்தது. உடம்பெல்லாம் கன்னிப்போன மாதிரி நீலத் திட்டு. யாரும் அடிக்கலை, விழவும் இல்லை" என்றாள் பெண்.

ரத்தப் புற்றுநோயின் அறிகுறிகள் இவை:

- விடாத காய்ச்சல், அல்லது போய்ப் போய்த் திரும்பும் காய்ச்சல்
- முகம் வெளுத்துப் போதல், எளிதில் களைத்துப் போதல்
- ஈறில், மூக்கில் ரத்தம் கசிதல்
- தோலில் சிவப்புப் புள்ளிகள், நீலத் திட்டுகள்
- எலும்பு வலி, மூட்டு வலி
- கழுத்தில், அக்குளில் நெறி கட்டுதல்

இவை வேறு நோய்களிலும் வரும். அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் சும்மா இருக்கவும் வேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

3. ரத்தம் எங்கே உண்டாகிறது?

நல்லி எலும்பை உறிஞ்சிச் சாப்பிடுகிறோம். உள்ளே மெத்தென்று ஒரு பொருள் வரும். அதுதான் மஜ்ஜை. நம் எலும்புகளுக்குள்ளும் மஜ்ஜை இருக்கிறது. ரத்தம் அங்கேதான் உண்டாகிறது.

ரத்தத்தில் மூன்று வகை அணுக்கள் உள்ளன.

சிவப்பு அணுக்கள் உடலெங்கும் பிராணவாயுவைக் கொண்டு போகின்றன. வெள்ளை அணுக்கள் கிருமிகளோடு சண்டை போடுகின்றன. தட்டணுக்கள் காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்கின்றன.

ரத்தப் புற்றுநோயில் என்ன நடக்கிறது? மஜ்ஜையில் முதிராத வெள்ளை அணுக்கள் அளவில்லாமல் பெருகுகின்றன. அவை கிருமியோடு சண்டை போடுவதில்லை. இடத்தை மட்டும் அடைத்துக் கொள்கின்றன. நல்ல அணுக்கள் உண்டாக இடமில்லை. சிவப்பு அணு குறைவதால் உடல் வெளுக்கிறது. நல்ல வெள்ளை அணு குறைவதால் காய்ச்சல் வருகிறது. தட்டணு குறைவதால் ரத்தம் கசிகிறது.

இந்த நோய் தொட்டால் ஒட்டாது. கூட உட்கார்ந்து சாப்பிட்டால் வராது. முன்பிறவிப் பாவம் அல்ல. பெற்றோர் செய்த தவறும் அல்ல.

4. பையன் சொன்ன ரகசியம்

ரயில் ஏகாம்பரகுப்பத்தைத் தாண்டியது. அம்மா களைத்துப் போய்த் தூங்கிவிட்டாள்.

பையன் மெல்லக் கேட்டான். "அக்கா, ஒண்ணு சொல்லவா? அம்மாகிட்டே சொல்ல மாட்டீங்களே?"

"முதல்ல சொல்லு தம்பி."

"நான் ரெண்டு வாரமா மாத்திரை சாப்பிடலை. வாயில போட்டுக்கிட்டு அப்புறம் துப்பிடுறேன்."

"ஏன்?"

"முன்னாடி ஊசி போட்டப்போ முடியெல்லாம் கொட்டிச்சு. மூஞ்சி வீங்கிச்சு. பசங்க பூசணிக்காய்னு கூப்பிட்டாங்க. இப்போதான் முடி கொஞ்சம் முளைக்குது. மாத்திரை சாப்பிட்டா வயித்தைப் புரட்டுது. இப்போ நான் நல்லாத்தானே இருக்கேன்? ரத்தத்துல நோய் இல்லைன்னு டாக்டரே சொன்னாரே. அப்புறம் எதுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் சாப்பிடணும்?"

பெண் கோபப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். ஒரு வயலில் பெண்கள் களை எடுத்துக் கொண்டிருந்தார்கள்.

"உங்க தாத்தாவுக்கு நிலம் இருக்கா?"

"இருக்கு."

"கோரைப் புல்லை மேலே மட்டும் அறுத்தா என்ன ஆகும்?"

"பத்து நாள்ல மறுபடி வந்துடும். அடியில கிழங்கு இருக்கு இல்ல?"

"அதேதான் தம்பி. முதல் மாசம் போட்ட மருந்து மேலே இருந்த கோரையை அறுத்தது. வயல் சுத்தமாத் தெரியுது. அடியில கிழங்கு இருக்கு. சாதாரணப் பரிசோதனையில அது தெரியாது. அந்தக் கிழங்கு சாகத்தான் இந்த மாத்திரை. இப்போ விட்டா மறுபடி முளைக்கும். இரண்டாவது தடவை வர்ற கோரை பழைய மருந்துக்கு எளிதில் மடங்காது."

பையன் தலையைக் குனிந்து கொண்டான்.

5. பீமவரத்து மனிதர் தந்த மருந்து

"நீ துப்பின மாத்திரை யாரு கண்டுபிடிச்சதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள் பெண். அவள் சொன்ன வரலாறு இது.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-இல் ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். அவருடன் பிறந்த இருவர் கொடிய வயிற்று நோயால் அடுத்தடுத்து இறந்தனர். நோய்களுக்கு மருந்து காண வேண்டும் என்ற உறுதியோடு 1923-இல் அமெரிக்கா போனார்.

கர்ப்பிணிப் பெண்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். அதில் ஃபோலிக் அமிலம் என்ற சத்தும் இருக்கிறது. அணுக்கள் பெருக இந்தச் சத்து வேண்டும். இந்தச் சத்தைச் செயற்கையாகச் செய்தது சுப்பாராவின் குழு.

பிறகு அதைப் போலவே தோற்றம் உள்ள வேறு பொருள்களையும் செய்தார்கள். அது பொய்ச் சாவி போன்றது. பூட்டுக்குள் நுழையும். ஆனால் திறக்காது. புற்றுநோய் அணு அதைச் சத்து என்று நினைத்து எடுத்துக் கொள்ளும். பெருக முடியாமல் சாகும்.

பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இருந்தார். அவர் அந்தப் பொருளில் ஒன்றை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகள் தேறினார்கள். இந்தச் செய்தி 1948-இல் வெளியானது. அதே 1948-இல் சுப்பாராவ் இறந்தார். அவர் நினைவாக 1995-இல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

அந்தக் குடும்பத்து மருந்துதான் மெத்தோட்ரெக்சேட். இன்றும் உலகம் முழுவதும் பிள்ளைகளுக்கு அதைத் தருகிறார்கள்.

"அந்தப் பத்துப் பேரும் பிழைச்சாங்களா அக்கா?" என்று கேட்டான் பையன்.

"இல்லை தம்பி. சில மாசத்துல நோய் திரும்பி வந்துச்சு. ஒரே மருந்து போதலை. அதுக்கப்புறம்தான் டாக்டர்கள் பல மருந்தைச் சேர்த்து, பல மாசம் விடாம கொடுத்துப் பார்த்தாங்க. அப்போதான் பிள்ளைங்க முழுசாப் பிழைச்சாங்க."

அன்று ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இறந்த நோய் இது. இன்று வசதியான நாடுகளில் 10 குழந்தைகளில் 9 பேர் பிழைக்கிறார்கள். நம் நாட்டிலும் சிகிச்சையை முழுதாக முடிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். வாலிப வயதினருக்குச் சற்றுக் கடினம். அவர்களிலும் பலர் பிழைக்கிறார்கள்.

6. கொல்லையில் பூக்கும் செடி

நித்தியகல்யாணிச் செடியை நாம் அறிவோம். ரோஜா நிறத்திலும் வெள்ளையிலும் பூக்கும். கொல்லையிலும் கோயில் ஓரத்திலும் வளரும். வின்கிறிஸ்டின் என்ற ஊசி மருந்தை அந்தச் செடியிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு இலையைப் பறித்துக் கசாயம் வைத்துக் குடிக்காதீர்கள். அது விஷம். ஏராளமான இலையிலிருந்து மிக மிகக் குறைந்த அளவு மருந்துதான் கிடைக்கும். அதைச் சுத்தம் செய்து, உடலின் அளவைக் கணக்கிட்டு, டாக்டர் ரத்தக் குழாயில் ஏற்றுகிறார். அளவு மாறினால் உயிருக்கு ஆபத்து.

7. பக்க விளைவுகள் ஏன் வருகின்றன?

புற்றுநோய் அணு வேகமாகப் பெருகும். மருந்து அப்படிப்பட்ட அணுவைத் தாக்கும். ஆனால் முடியின் வேரும் வாயின் உட்தோலும் வேகமாக வளர்பவையே. மஜ்ஜையும் அப்படித்தான். மருந்து அவற்றையும் தாக்கிவிடுகிறது. அதனால்தான் பக்க விளைவுகள்.

முடி கொட்டும். மருந்தின் வேகம் குறைந்ததும் மீண்டும் வளரும்.

வாயில் புண் வரும். உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். மென்மையான பிரஷ் நல்லது. காரம் வேண்டாம். குழைந்த சோறும் ஆறிய கஞ்சியும் கொடுக்கலாம்.

வாந்தி வரும். வாந்தியைத் தடுக்க நல்ல மருந்துகள் இன்று உள்ளன. டாக்டரிடம் கேளுங்கள்.

முகம் வீங்கும். பசி அதிகமாகும். கோபமும் அழுகையும் வரும். இது ஸ்டீராய்டு மருந்தால் வருவது. பிள்ளையின் குணம் மாறிவிட்டது என்று திட்டாதீர்கள். அந்த மருந்து முடிந்ததும் முகம் பழையபடி ஆகும். ஸ்டீராய்டை நாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது.

மலச்சிக்கல், பாதத்தில் மரமரப்பு, தாடை வலி வரும். இவை வின்கிறிஸ்டின் ஊசியால் வருபவை. டாக்டரிடம் சொன்னால் வழி உண்டு.

வாலிப வயதினருக்குச் சில தொல்லைகள் அதிகம். ரத்தத்தில் சர்க்கரை ஏறலாம். இடுப்பு எலும்பும் முழங்காலும் பாதிக்கப்படலாம். நடக்கும்போது இடுப்பு வலித்தால் மறைக்கக் கூடாது.

பிற்காலத்தில் பிள்ளை பிறக்குமா என்ற கவலையும் வரும். இது கொடுக்கும் மருந்தைப் பொறுத்தது. வெட்கப்படாமல் சிகிச்சை தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

8. காய்ச்சல் வந்தால் காத்திருக்காதே!

எல்லாப் பக்க விளைவிலும் பெரியது இதுதான். மருந்தால் நல்ல வெள்ளை அணுவும் குறைந்துவிடும். அப்போது சிறு கிருமியும் ஒரே நாளில் உயிரைப் பறிக்கும்.

வீட்டில் ஒரு காய்ச்சல்மானி வைத்திருங்கள். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நள்ளிரவானாலும் போங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை மறைக்க வேண்டாம். 'இந்தப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் மருந்து நடக்கிறது' என்று அங்கே முதலில் சொல்லுங்கள்.

வேறு சில எச்சரிக்கைகள்:

- காய்ச்சிய தண்ணீர், சூடாகச் சமைத்த உணவு மட்டும் கொடுங்கள்.
- ரயிலிலும் தெருவிலும் வெட்டி விற்கும் பழம் வேண்டாம்.
- சாப்பிடும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
- அக்கம்பக்கத்தில் யாருக்காவது அம்மை போட்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.
- ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்காதீர்கள். ரத்தம் கசியும்.
- டாக்டரைக் கேட்காமல் சத்து மாத்திரையும் நாட்டு மருந்தும் கொடுக்காதீர்கள்.

9. தினம் ஒன்று, வாரம் ஒன்று

ரத்தப் புற்றுநோயில் பல வகை உண்டு. பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நடக்கும். முதல் சில மாதங்கள் ஊசி மருந்து அதிகம். அடுத்து வருவது வீட்டிலேயே சாப்பிடும் மாத்திரை.

மெர்காப்டோப்யூரின் என்ற மாத்திரையைத் தினமும் சாப்பிட வேண்டும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டும். இதை மறக்காதீர்கள். வார மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. தின மாத்திரையை விட்டுவிட்டால் நோய் திரும்பும்.

எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. சுவரில் நாட்காட்டி மாட்டுங்கள். மாத்திரை சாப்பிட்டதும் அந்த நாளில் ஒரு குறி போடுங்கள். வார மாத்திரை நாளைச் சிவப்பில் வட்டம் போடுங்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடக் கூடாது. டாக்டரைக் கேளுங்கள்.

10. அம்மாவிடம் சொன்னான்

ரயில் திருத்தணியில் நின்றது. அம்மா விழித்தாள்.

"நீயே சொல்லிடு தம்பி" என்றாள் பெண்.

பையன் சொன்னான். அம்மா கையை ஓங்கினாள். ஆனால் அடிக்கவில்லை. கை தானாகத் தாழ்ந்தது.

"தப்பு என் மேலயும் இருக்குடா" என்றாள். "உன் அத்தை வந்தப்போ, 'பையன் தேறிட்டான், இன்னும் எதுக்கு அந்த விஷம்'னு கேட்டா. நான் பதிலே சொல்லலை. நீ அதைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கே. எனக்கும் நிறுத்திடலாமான்னு தோணிச்சு. போக வர, தங்க, எவ்வளவு செலவு!"

"டாக்டர்கிட்டே மறைக்காம சொல்லுங்கம்மா" என்றாள் பெண். "மறைச்சா அவர் தப்பாக் கணக்குப் போடுவார்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"இன்னைக்கு ரத்தத்துல நோய் தெரியலை. ஆனா தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லை. இன்னைக்கு ராத்திரியே மாத்திரையைத் தொடங்கு. வயித்தைப் புரட்டாம இருக்க வேறு மருந்து தர்றேன். அடுத்த மாசம் மறுபடி பார்ப்போம். எந்தத் தொல்லை வந்தாலும் என்கிட்டே சொல்லு. நீயா நிறுத்தாதே."

அன்று இரவு பையன் அம்மா முன்னால் மாத்திரையை விழுங்கினான். வாயைத் திறந்து காட்டினான். நாட்காட்டியில் முதல் குறியை அவனே போட்டான்.

11. எங்கே போவது? செலவுக்கு என்ன வழி?

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தொடங்கியது. தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதைத் தொடங்கினார். டாக்டர் சாந்தா தம் வாழ்நாள் முழுவதும் அங்கே பணி செய்தார். 2021-இல் அவர் மறைந்தார்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. நோய் திரும்பிய சிலருக்கு இது தேவைப்படும்.

ரேணிகுண்டாவுக்குப் பக்கத்தில் திருப்பதியிலேயே ஸ்விம்ஸ் மருத்துவமனை உள்ளது. அங்கே 2022-இல் புற்றுநோய்க்கென்றே ஒரு பெரிய மருத்துவமனையும் திறக்கப்பட்டது.

ஆந்திர அரசு 2007-இல் ஆரோக்யஸ்ரீ திட்டத்தைத் தொடங்கியது. இப்போது அதன் பெயர் டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. இரண்டிலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவி உண்டு. எந்த ஆஸ்பத்திரியில் எந்த அட்டை செல்லும் என்று முதலிலேயே கேளுங்கள்.

ரயிலிலும் சலுகை உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வசதி உள்ள ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் இல்லை. துணைக்குப் போகும் ஒருவருக்கு 100 ரூபாயில் 75 ரூபாய் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்று வாங்கி ரயில் நிலையத்தில் காட்ட வேண்டும்.

பணம் இல்லை என்று சிகிச்சையை நிறுத்தாதீர்கள். டாக்டரிடமும் ஆஸ்பத்திரி சமூக சேவகரிடமும் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தார் "தேறிவிட்டானே, இன்னும் எதற்கு?" என்று கேட்டால் கோரைக் கிழங்கின் கதையைச் சொல்லுங்கள்.

சொல் அறிவோம்

மஜ்ஜை – எலும்புக்குள் இருக்கும் மெத்தென்ற பொருள். ரத்தம் உண்டாகும் இடம்
தட்டணு – ரத்தத்தை உறைய வைக்கும் அணு
பக்க விளைவு – நோயைக் குணமாக்கும்போதே மருந்து தரும் தொல்லை
காய்ச்சல்மானி – உடல் சூட்டை அளக்கும் கருவி

பதில் சொல்லுங்கள்

1. பையனின் கால் வலிக்கு உண்மையான காரணம் என்ன?
2. முடி ஏன் கொட்டுகிறது? அது மீண்டும் வளருமா?
3. காய்ச்சல்மானி 101 டிகிரி காட்டுகிறது. இரவு 12 மணி. நீங்கள் என்ன செய்வீர்கள்?
4. வாரம் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை எது?
5. சுப்பாராவ் எந்த ஊரில் பிறந்தார்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் ஒரு பிள்ளை நீண்ட நாள் மருந்து சாப்பிடுகிறது. அந்தப் பிள்ளை கேலிக்குப் பயப்படாமல் பள்ளிக்குப் போக நீங்கள் என்ன உதவி செய்வீர்கள்?